அரிசிக் கணக்கில் ஜப்பானை ஆண்டவர்: ஹிடேயோஷி யார்?

1600-ஐ ஒட்டிய ஜப்பானில் ஒரு பிரபு எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிந்துகொள்ள, அவருடைய நிலத்தில் எவ்வளவு அரிசி விளையும் என்று கேட்டால் போதும். 10,000 கோக்கு என்றால் சின்னப் பிரபு. 10 லட்சம் கோக்கு என்றால் அவர் எதிரே மற்றவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். ஒரு கோக்கு என்பது சுமார் 180 லிட்டர், அதாவது ஏறத்தாழ 150 கிலோ அரிசி. ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அளவு என்று தோராயமாகச் சொல்வார்கள். வரி எவ்வளவு, போருக்கு எத்தனை பேரை அனுப்ப வேண்டும், சபையில் எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரே எண்ணைப் பொறுத்தது.

நாடு முழுக்க இந்தக் கணக்கைக் கொண்டுவந்தவர் டொயோடோமி ஹிடேயோஷி. எளிய குடும்பத்தில் பிறந்து, ஜப்பான் முழுவதையும் தனக்குக் கீழே கொண்டுவந்தவர். ஜப்பானிய வரலாற்றுக்குள் புதிதாக நுழைகிறவர்கள் இவரிடமிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. இவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொண்டால் சாமுராய், டைம்யோ, ஷோகன் என்று காதில் விழும் சொற்களெல்லாம் தானாகவே தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

யாருக்கு மேலே யார்?

கியோட்டோவில் பேரரசர் இருந்தார். அவருக்கு மரியாதை உண்டு, படை கிடையாது. அவர் பெயரில் நாட்டை ஆண்டவர் ஷோகன், அதாவது படைத்தலைவர். 14-ஆம் நூற்றாண்டிலிருந்து அந்தப் பதவி அஷிகாகா குடும்பத்திடம் இருந்தது. மாகாணங்களில் நிலமும் படையும் வைத்திருந்த பிரபுக்கள்தான் டைம்யோக்கள். அவர்களுக்குச் சேவகம் செய்த போர்வீரர்கள் சாமுராய்கள்.

1467-இல் அஷிகாகா குடும்பத்தில் அடுத்த வாரிசு யார் என்ற தகராறு பெரிய சண்டையாக வெடித்தது. ஓனின் போர் என்பார்கள். பத்து வருஷம் நடந்த அந்தப் போரில் கியோட்டோவின் பெரும்பகுதி எரிந்து போனது. அதற்கப்புறம் ஷோகன் பேச்சை யாரும் கேட்கவில்லை. அடுத்த நூறு வருஷத்துக்கு மேல் ஊருக்கு ஊர் சண்டை. தளபதி எஜமானைத் துரத்தினான், தளபதியை அவனுடைய உதவியாளன் துரத்தினான். கிராமத்து விவசாயிகளும் ஈட்டி, வாள் வைத்திருந்தார்கள். அறுவடை முடிந்தால் கூலிக்குப் போருக்குப் போவது சாதாரணம். விவசாயி எங்கே முடிகிறான், வீரன் எங்கே தொடங்குகிறான் என்று கோடு போட முடியாத காலம். ஹிடேயோஷி மாதிரி ஓர் ஆள் மேலே வர இந்தக் குழப்பம்தான் வழிவிட்டது.

ஓவாரிக்காரர்

அவர் 1537-இல் ஓவாரி மாகாணத்தில் நகமுரா என்ற ஊரில் பிறந்தார். இன்று அது நகோயா நகரத்தின் ஒரு பகுதி. அப்பா காலாள் வீரராக இருந்த விவசாயி என்கிறார்கள். குடும்பப் பெயர்கூடக் கிடையாது. பார்க்கவும் ஆள் எடுப்பாக இருக்கவில்லை. அந்தக் காலத்தில் ஜப்பானில் வாழ்ந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் லூயிஸ் ஃப்ரோயிஸ் அவரைக் குள்ளமானவர், அழகில்லாதவர், ஒரு கையில் ஆறு விரல் என்று எழுதி வைத்திருக்கிறார்.

இளமைக் காலம் பற்றி நிறையக் கதைகள் உண்டு. எஜமானின் செருப்பைக் குளிரில் தன் மார்பில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தார் என்பது அதில் ரொம்பப் பிரபலம். ஒரே இராத்திரியில் கோட்டை கட்டினார் என்று இன்னொன்று. இரண்டும் பிற்காலத்தில் சேர்ந்த கதைகளாகத்தான் தெரிகின்றன. எனக்கு இவற்றைவிட ஒரு கடிதம் சுவாரசியமாகப் படுகிறது. எஜமான் ஓடா நோபுநாகா, ஹிடேயோஷியின் மனைவி நேனேவுக்கு எழுதியது. புருஷன் மேல் நேனேவுக்கு ஏதோ வருத்தம். நோபுநாகா அவளுடைய அழகைப் பாராட்டிவிட்டு, அந்த ‘வழுக்கை எலி’ எங்கே தேடினாலும் உன்னைப் போல ஒருத்தி கிடைக்க மாட்டாள் என்று ஆறுதல் சொல்கிறார். அந்த எலி நம் கதாநாயகர்தான்.

நோபுநாகா ஓவாரியின் டைம்யோ. 1560-இல் ஒகேஹசாமாவில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையோடு வந்த இமகாவா யோஷிமோட்டோவைக் கொன்று பெயர் வாங்கியவர். 1568-இல் கியோட்டோவுக்குள் நுழைந்தார், 1573-இல் கடைசி அஷிகாகா ஷோகனைத் துரத்திவிட்டார். பிறப்பைப் பார்க்காமல் வேலையைப் பார்த்து ஆளை உயர்த்துகிற குணம் அவருக்கு இருந்தது. அதே 1573-இல் பிவா ஏரிக்கரையில் தோற்கடிக்கப்பட்ட அசாய் குடும்பத்தின் நிலம் ஹிடேயோஷிக்குக் கிடைத்தது. நகஹாமா என்ற இடத்தில் கோட்டை கட்டிக்கொண்டார். விவசாயி மகன் டைம்யோ ஆகிவிட்டார்.

இங்கே ஒரு குறிப்பு: இவர் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். கினோஷிட்டா, ஹஷிபா, டொயோடோமி மூன்றும் ஒரே ஆள். பதவி உயர உயரப் பெயரும் மாறியது. புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுகிற இடம் இது.

பட்டினியும் தண்ணீரும்

1577-இல் மேற்கு ஜப்பானை ஆண்ட மோரி குடும்பத்தை அடக்க நோபுநாகா இவரை அனுப்பினார். ஹிடேயோஷி எப்படிப்பட்ட தளபதி என்பது இந்தப் படையெடுப்பில்தான் தெரிகிறது. கோட்டைச் சுவரில் ஏறிச் சண்டை போட்டு ஆட்களை இழப்பதில் அவருக்கு ஆர்வம் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

மிகி கோட்டையை 1578-இலிருந்து 1580 வரை சுற்றி வளைத்து உணவை அடைத்தார். 1581-இல் டொட்டோரி. அங்கே முற்றுகைக்கு முன்பே வணிகர்களை அனுப்பி, சுற்றுவட்டார அரிசியை அதிக விலை கொடுத்து வாங்க வைத்தார். நல்ல விலை என்று கோட்டைக்காரர்களே தங்கள் இருப்பை விற்றார்களாம். அப்புறம் சுற்றியிருந்த கிராமத்து மக்களைக் கோட்டைக்குள் விரட்டிவிட்டார். சாப்பிடும் வாய் அதிகமானால் இருப்பு சீக்கிரம் தீரும் என்ற கணக்கு. குதிரை, புல், மரப்பட்டை எல்லாம் தீர்ந்து கடைசியில் செத்தவர்களின் மாமிசம் வரை போனது என்கின்றன பதிவுகள். தளபதி கிக்காவா சுனேஇயே வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிரை விட்டு, மீதிப் பேருக்கு உயிர்ப்பிச்சை வாங்கிக் கொடுத்தார். வெளியே வந்தவர்களுக்குச் சோறு போட்டார்கள். வெறும் வயிற்றில் அள்ளிச் சாப்பிட்டதால் அதிலும் பலர் செத்தார்கள்.

ஹிடேயோஷியைச் சிரித்த முகக்காரர், பேசியே ஆளைக் கவிழ்ப்பவர் என்று வர்ணிக்கிறவர்கள் டொட்டோரியை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த மனிதரின் திறமையும் கொடுமையும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

1582-இல் பிச்சூ மாகாணத்தின் டகமட்சு கோட்டை. அது சேறும் சகதியுமான தாழ்நிலத்தில் இருந்தது. குதிரைப்படை போக முடியாது. அருகில் ஓடிய ஆற்றை மறித்து நீளமாக ஒரு மண்கரை எழுப்பினார். 12 நாளில் சுமார் 3 கிலோமீட்டர் நீளக் கரை எழும்பியது என்பது பழைய கணக்கு. அவ்வளவு நீளம் இருந்திருக்காது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. மழைக்காலம் வேறு. கோட்டை குளத்துக்கு நடுவில் நிற்கும் தீவாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது. ஜூன் 21, 1582 அதிகாலையில் கியோட்டோவின் ஹொன்னோஜி கோயிலில் தங்கியிருந்த நோபுநாகாவை அவருடைய தளபதி அகேச்சி மிட்சுஹிடே சுற்றி வளைத்துவிட்டார். நோபுநாகா உயிர் போய்விட்டது. செய்தியை ஹிடேயோஷி எதிரிக்குத் தெரியாமல் மறைத்தார். மோரி தரப்போடு அவசரமாகச் சமாதானம் பேசி முடித்தார். டகமட்சு தளபதி ஷிமிசு முனேஹாரு தண்ணீரில் ஒரு படகில் வந்து, இரு படைகளும் பார்க்கத் தற்கொலை செய்துகொண்டார். உடனே ஹிடேயோஷி படையைத் திருப்பினார். சுமார் 200 கிலோமீட்டர் நடை. வழியில் ஹிமேஜி கோட்டையில் கஜானாவிலிருந்த பொன்னையும் அரிசியையும் வீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார் என்று ஒரு பதிவு சொல்கிறது. ஜூலை 2-ஆம் தேதி யமசாகியில் மிட்சுஹிடேவைத் தோற்கடித்தார். எஜமான் செத்து 11-ஆம் நாள். மற்ற தளபதிகள் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வேலை முடிந்துவிட்டது.

உச்சிக்கு

இதற்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். நோபுநாகாவின் குழந்தைப் பேரனை வாரிசாக முன்னிறுத்தி, அதிகாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எதிர்த்த மூத்த தளபதி ஷிபாட்டா கட்சுஇயேவை 1583-இல் ஷிசுகடாகேயில் முறியடித்தார். அதே வருஷம் ஒசாகாவில் பிரமாண்டமான கோட்டை வேலையைத் தொடங்கினார். 1584-இல் டோக்குகாவா இயேயாசு என்ற டைம்யோவோடு மோதியபோது மட்டும் ஜெயிக்க முடியவில்லை. நாகாகுட்டேயில் இயேயாசுவின் கை ஓங்கியது. அதனால் வேறு வழி பார்த்தார். கல்யாணமான தன் தங்கை அசாஹியைக் கணவரிடமிருந்து பிரித்து இயேயாசுவுக்கு மனைவியாக அனுப்பினார். அதுவும் போதாமல் பெற்ற அம்மாவையே பிணையாக அனுப்பினார். 1586-இல் இயேயாசு ஒசாகாவுக்கு வந்து பணிந்தார். சண்டையில் கிடைக்காதது கிடைத்துவிட்டது.

இவர் ஷோகன் ஆகவில்லை. 1585-இல் கம்பாக்கு ஆனார். பேரரசர் சார்பில் ஆட்சி நடத்தும் பதவி அது. புஜிவாரா வம்சத்தின் ஐந்து குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு மட்டுமே உரியது. எனவே கொனோயே சகிஹிசா என்ற உயர்குடிப் பிரபுவுக்குத் தத்துப் பிள்ளையானார். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

1585-இல் ஷிகோக்கு, 1587-இல் கியூஷு. கடைசியாக 1590-இல் கிழக்கே ஒடவாராவில் ஹோஜோ குடும்பம். ஒடவாரா முற்றுகை ஹிடேயோஷி பாணியின் உச்சம். ஏறக்குறைய 2 லட்சம் பேர் கொண்ட படை. அதற்கு 2 லட்சம் கோக்கு அரிசியைத் திரட்டிக் கப்பலில் அனுப்ப நட்சுகா மசாஇயே என்ற நிர்வாகியை நியமித்தார். முகாமில் தேநீர் விருந்து நடந்தது, வணிகர்கள் கடை போட்டார்கள். எதிரே ஒரு மலையில் சுமார் 80 நாளில் கோட்டை கட்டி, மறைத்து நின்ற மரங்களை வெட்டிச் சாய்த்துக் காட்டினார். வெளியே இருந்தவர்களுக்குப் பசி வந்தால் முற்றுகை கலையும் என்று எதிர்பார்த்த ஹோஜோக்கள் மூன்று மாதத்தில் சரணடைந்தார்கள்.

பொன்னால் ஆன தேநீர் அறை ஒன்று செய்து வைத்திருந்தார். பிரித்துத் தூக்கிக்கொண்டு போகலாம். 1587-இல் கியோட்டோவின் கிட்டானோ கோயிலில் பெரிய தேநீர் விழா நடத்தி, விவசாயியாக இருந்தாலும் கெண்டியும் கோப்பையும் கொண்டுவந்தால் போதும் என்று அறிவித்தார். பத்து நாள் என்று சொன்ன விழா முதல் நாளோடு முடிந்தது. அந்த விழாவில் கூடவே இருந்த தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூவை 1591-இல் தற்கொலை செய்துகொள்ளச் சொன்னார். ஏன் என்பது இன்றுவரை விவாதம்தான். அதே 1591-இல் கோவாவின் போர்ச்சுகீசிய வைஸ்ராய் அனுப்பிய கடிதமும் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. தங்க வேலைப்பாடு செய்த அந்தத் தோல் கடிதம் கியோட்டோவில் இன்றும் தேசியப் பொக்கிஷமாக இருக்கிறது.

வாளைப் பிடுங்கி, வயலை அளந்து

போர்களைவிட முக்கியமானது இந்தப் பகுதி. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஹிடேயோஷிக்கு முன்னால் ஒவ்வொரு டைம்யோவும் ஒவ்வொரு விதமாக நிலத்தை மதிப்பிட்டார். பெரும்பாலும் ஊர்க்காரர்களே எழுதிக் கொடுத்த கணக்கு. அளக்கும் கோலும் ஊருக்கு ஊர் வேறு, நெல் அளக்கும் பெட்டியும் வேறு. 1582-இலிருந்து ஹிடேயோஷி தன் ஆட்களை வயலுக்கே அனுப்பினார். ஒரே நீளக் கோல், கியோட்டோ அளவுப் பெட்டி என்று ஒரே மரக்கால். ஒவ்வொரு துண்டு நிலத்தையும் மேல், நடு, கீழ், அடிக்கீழ் என்று தரம் பிரித்தார்கள். சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள முதல் தர நெல் வயலுக்கு ஒன்றரைக் கோக்கு என்று மதிப்பு வைத்தார்கள். யார் உழுகிறாரோ அவர் பெயர் அந்த நிலத்துக்கு எதிரே பதிவானது. வரி கட்ட வேண்டியவரும் அவரே. விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு பிரபுவுக்கு என்பது விதி. அப்போது பயன்பட்ட அளவுகோல் ஒன்று, நிர்வாகி இஷிடா மிட்சுனாரியின் கையொப்பக் குறியோடு ககோஷிமாவில் இருக்கிறது.

விவசாயிக்கு இதில் ஒரு லாபம் உண்டு. இடையில் நின்று பங்கு கேட்ட சின்னச் சின்ன நிலக்கிழார்கள் காணாமல் போனார்கள். பயிரிடுகிறவருக்கு நிலத்தின்மேல் ஒரு பிடிமானம் கிடைத்தது. ஆனால் ஒளித்து வைத்திருந்த வயலும் கணக்கில் ஏறியது. வடக்கு மாகாணங்களில் அளவைக்குப் போன அசானோ நாகமாசாவுக்கு 1590-இல் ஹிடேயோஷி எழுதியது கடுமையானது: எதிர்த்தால் ஓர் ஊரானாலும் இரண்டு ஊரானாலும் வெட்டித் தீர்க்கலாம், மலையின் உள்ளே வரை, கடலில் துடுப்பு எட்டும் தூரம் வரை விடாமல் அளக்க வேண்டும்.

1588-இல் வாள் பறிப்பு ஆணை வந்தது. விவசாயிகள் வாள், ஈட்டி, வில், துப்பாக்கி எதுவும் வைத்திருக்கக் கூடாது. ஆயுதம் கையிலிருந்தால் வரி கட்டாமல் இழுப்பார்கள், கலகம் செய்வார்கள் என்று ஆணையே வெளிப்படையாகச் சொல்கிறது. அப்புறம் ஒரு சாமர்த்தியம். பறித்த இரும்பு வீணாகாதாம். கியோட்டோ ஹோகோஜியில் எழும்பும் பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணியாகவும் கொண்டியாகவும் ஆகுமாம். கொடுத்தவனுக்கு இம்மையிலும் மறுமையிலும் புண்ணியமாம். கிராமங்களில் ஆயுதமே இல்லாமல் போய்விடவில்லை. காட்டு விலங்கை விரட்டும் துப்பாக்கி பல ஊர்களில் நூறு வருஷம் கழித்தும் இருந்தது. ஆனால் இடுப்பில் வாளோடு நடப்பவன் வேறு சாதி, மண்வெட்டியோடு நடப்பவன் வேறு சாதி என்ற நிலை வந்துவிட்டது.

1591-இல் இன்னொரு ஆணை. சாமுராய் வீட்டுச் சேவகன் ஊருக்குப் போய் விவசாயியாகவோ வணிகனாகவோ மாறக்கூடாது. விவசாயி வயலை விட்டுவிட்டு வியாபாரத்துக்கோ கூலிக்கோ போகக்கூடாது. மூன்று ஆணைகளையும் சேர்த்துப் பாருங்கள். நகமுராவில் இன்னொரு காலாள் மகன் பிறந்து, ஈட்டி எடுத்து, யாரிடமாவது சேவகம் சேர்ந்து, கோட்டை வாங்கும் வழி அடைபட்டுவிட்டது. ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்தவர் என்று அவரைச் சொல்வது நியாயம்தான். அவர் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்த ஏணி எத்தனை ஆபத்தானது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? நூறு வருஷச் சண்டையை நிறுத்த அவர் கண்ட வழி அது.

கடலுக்கு அப்பால்

1592-இல் சுமார் 1,58,000 பேரைக் கொரியாவுக்கு அனுப்பினார். குறி, சீனாவின் மிங் பேரரசு. வயசான காலத்தில் புத்தி பேதலித்துச் செய்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1586-லேயே ஒசாகா கோட்டையில் பாதிரியார் காஸ்பர் கொயேலியோவிடம் இந்த எண்ணத்தைச் சொல்லியிருக்கிறார். கேட்டதைக் கேட்டபடி கொடுத்தே ஆட்களைச் சேர்த்தவர் அவர். 1590-க்குப் பிறகு ஜப்பானில் ஜெயித்துக் கொடுக்க நிலம் மிச்சமில்லை.

படைக்கு ஆள் பிடித்ததும் கோக்குக் கணக்கில்தான். கியூஷு டைம்யோக்கள் 100 கோக்குக்கு 5 பேர் அனுப்ப வேண்டும். மே மாதம் புசானில் இறங்கிய படை மூன்று வாரத்தில் தலைநகர் ஹான்சோங்கைப் பிடித்தது. இன்றைய சியோல் அது. அதோடு கணக்கு பிசகியது. கொரியத் தளபதி யி சுன்-சின் கடல் வழியை அறுத்தார். உள்ளூர் மக்கள் படை உணவு வண்டிகளைத் தாக்கியது. 1593 தொடக்கத்தில் மிங் படை பியோங்யாங்கை மீட்டது. ஹிடேயோஷி கியூஷுவில் நகோயா என்றே பெயர் கொண்ட வேறொரு கோட்டையிலிருந்து உத்தரவு போட்டாரே தவிர, ஒரு நாளும் கடலைத் தாண்டவில்லை.

பேச்சுவார்த்தை முறிந்து 1597-இல் மறுபடி படை போனது. அந்தக் குளிர்காலத்தில் உல்சான் கோட்டையில் கட்டோ கியோமாசாவின் படை முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டது. சோறும் தண்ணீரும் இல்லாமல் வீரர்கள் குதிரையைத் தின்றார்கள், விறைத்துச் செத்தார்கள். டொட்டோரியில் அவர் அடுத்தவருக்குச் செய்தது இங்கே அவருடைய ஆட்களுக்கே நடந்தது. படையோடு மருத்துவராகப் போன கெய்நென் என்ற பௌத்தத் துறவி, ஊர்கள் எரிந்ததையும் மக்களைக் கழுத்தில் கயிறு கட்டி அடிமைகளாக இழுத்துப் போனதையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தலைக்குப் பதிலாக மூக்கை அறுத்து உப்பில் போட்டு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். இத்தனை மூக்கு பெற்றுக்கொண்டோம் என்று ரசீதும் கொடுத்தார்கள். கொரிய மக்களுக்கு ஹிடேயோஷி என்ற பெயர் இன்றும் ஏன் கசக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

வாரிசு

1589-இல் பிறந்த மகன் சுருமாட்சு 1591-இல் இறந்துபோனான். இனிப் பிள்ளை இல்லை என்று நினைத்து, அக்கா மகன் ஹிடேட்சுகுவைக் கம்பாக்கு ஆக்கினார். 1593-இல் அவருடைய இன்னொரு மனைவி யோடோ-டோனோவுக்கு மகன் ஹிடேயோரி பிறந்தான். இவள் வேறு யாருமல்ல, நோபுநாகாவோடு ஹிடேயோஷியும் சேர்ந்து அழித்த அசாய் குடும்பத்துப் பெண், நோபுநாகாவின் மருமகள் முறை. 1595-இல் ஹிடேட்சுகுவைக் கோயா மலைக்குத் துரத்தித் தற்கொலைக்குத் தள்ளினார்கள். அவருடைய மனைவியர், குழந்தைகள் என்று 30-க்கும் மேற்பட்டவர்களைக் கியோட்டோ ஆற்றங்கரையில் கொன்றார்கள். கைக்குழந்தைக்குப் போட்டியாக வரக்கூடிய ஒரே வளர்ந்த வாரிசை இப்படி ஒழித்ததால், குழந்தையைக் காக்கவும் சொந்தத்தில் ஆளில்லாமல் போனது. அவர் செய்ததிலேயே மோசமான கணக்கு இது.

செப்டம்பர் 18, 1598-இல் ஃபுஷிமி கோட்டையில் இறந்தார். ஹிடேயோரிக்கு ஐந்து வயசு. ஐந்து பெரிய டைம்யோக்களுக்கு, என் மகனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பக் கெஞ்சி எழுதிய கடிதம் மிச்சமிருக்கிறது. ஐவரில் முதல்வர் இயேயாசு. கொரியாவில் படை இழந்து மெலியாதவர், சுமார் 25 லட்சம் கோக்கு நிலத்துக்குச் சொந்தக்காரர். 1600-இல் செகிகஹாராவில் ஜெயித்தார், 1603-இல் ஷோகன் ஆனார். 1615-இல் ஒசாகா கோட்டை விழுந்து, தாயும் மகனும் உயிரை விட்டார்கள். ஹிடேயோரியின் எட்டு வயசு மகனையும் விட்டுவைக்கவில்லை.

டோக்குகாவாக்கள் டொயோடோமி குடும்பத்தை அழித்தார்களே தவிர, அதன் நிலக் கணக்கைத் தொடவில்லை. வாளும் மண்வெட்டியும் பிரிந்த அந்த ஒழுங்கின்மேல்தான் 260 வருஷம் ஆண்டார்கள். 1873-இல், அவர்களுக்கு அடுத்து வந்த மெய்ஜி அரசு நில வரியைப் பணமாகக் கட்டச் சொன்ன பிறகுதான் கோக்கு வழக்கொழிந்தது.

கியோட்டோ போகிறவர்கள் ஹிகாஷியாமா பகுதியில் ஒரு காலை ஒதுக்கினால் போதும். ஹிடேயோஷியைத் தெய்வமாக வைத்த டொயோக்குனி கோயில் அங்கே இருக்கிறது. டோக்குகாவாக்கள் மூடியதை மெய்ஜி அரசு மீட்டுக் கட்டியது. எதிர்த் தெருவில் கொரியாவிலிருந்து வந்த மூக்குகளைப் புதைத்த மேடு. பக்கத்தில் ஹோகோஜியின் பெரிய மணி தொங்குகிறது. 1614-இல் அதில் பொறித்த வாசகம் தன் பெயரை இரண்டாக வெட்டிச் சபிக்கிறது என்று இயேயாசு சண்டைக்குச் சாக்குப் பிடித்தார். எந்த எழுத்துகள் என்று தேடி அலைய வேண்டாம், வெள்ளை பூசிக் காட்டியிருக்கிறார்கள்.